செம்மரக் காட்டுக்கு ஜெனீவாவில் எழுதிய விதி

சந்திரகிரிச் சீமை வரலாறு – 19

2023 நவம்பர் 6 முதல் 10 வரை ஜெனீவாவில் சைட்டிஸ் அமைப்பின் நிலைக்குழு 77-ஆவது முறையாகக் கூடியது. அழிவை நோக்கிச் செல்லும் விலங்குகளையும் தாவரங்களையும் நாடுகள் எப்படி வாங்கலாம், எப்படி விற்கலாம் என்று விதி வகுக்கும் பன்னாட்டு உடன்படிக்கைதான் சைட்டிஸ். அந்தக் கூட்டத்தின் நீண்ட நிகழ்ச்சி நிரலில் நம் சேஷாசல மலையின் மரம் ஒன்றும் இருந்தது. செம்மரத்தை முன்வைத்து 2004 முதல் இந்தியாமீது நடந்துவந்த வணிக மறுஆய்வை நிலைக்குழு அன்று முடித்துவைத்தது. செம்மரம் வளர்க்கும் விவசாயிகளுக்கு இது நல்ல சேதி என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அறிவித்தார்.

நாளிதழ்களில் இது ஏற்றுமதிச் செய்தியாக வந்து போயிற்று. சந்திரகிரியின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அப்படிக் கடந்து போக முடியாது. முந்தைய அத்தியாயங்களில், தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் 1639-ல் சென்னைக் கரைக்காக ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்குக் கொடுத்த பட்டயத்தையும், அதை 1645-ல் அரவீட்டு மன்னர் ஸ்ரீரங்க ராயர் உறுதிசெய்ததையும் பார்த்தோம். தொலைவில் இருக்கும் கடற்கரை ஊரின் எதிர்காலம் இந்தச் சீமையை ஆண்டவர்களின் ஓலையில் முடிவான காலம் அது. ஓலை கொடுத்த மன்னர் யார், அவருக்கு மேலே இருந்தவர் யார், தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பது அன்றைய மக்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று இந்த மலையைப் பற்றிய முடிவுகளில் ஒரு பங்கு ஜெனீவாவில் எடுக்கப்படுகிறது. அந்த முடிவால் அடிபடுகிறவர் யாரிடம் போய் நியாயம் கேட்பார்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் மரம். தெலுங்கில் எர்ரசந்தனம், தமிழில் செம்மரம் அல்லது செஞ்சந்தனம். ஆந்திராவின் தென்பகுதியில் சேஷாசலம், பாலகொண்டா, லங்கமல்லா, வெலிகொண்டா மலைகளையும் அவற்றை ஒட்டிய சிறு பகுதிகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. கல்லும் வறட்சியும் நிறைந்த சரிவில் மெதுவாகத்தான் பருக்கும். நடுவில் இருக்கும் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வெளுப்பைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுப்பார்கள். அந்த வைரத்திலும் அலை அலையாக வரி ஓடும் கட்டைக்குத்தான் உச்ச விலை. சந்தனத்தைப் போல வாசனை கிடையாது. நிறமும் கனமும் உறுதியும்தான் இதன் செல்வம்.

செம்மரத்தின் வெளிநாட்டு வணிகம் நேற்றுத் தொடங்கியதல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்ட டச்சுக்காரர்கள் இந்தக் கரையிலிருந்து துணியோடு சிவப்பு மரத்தையும் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் அது சாயத்துக்குப் பயன்பட்டது. பிறகு சாயத்துக்கு ரசாயனம் வந்துவிட்டது. மரத்தின் தேவை கிழக்கே திரும்பியது. ஜப்பானியர் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்தை இதில் செய்வார்கள். சீனத்தில் இதன் பெயர் ஸிதான்; மிங், சிங் அரச வம்சங்களின் அறைகலன்களோடு பேசப்படும் பெயர். பெய்ஜிங்கில் செஞ்சந்தனத்துக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே செல்வம் பெருகப் பெருக இங்கே மலை வெறுமையானது.

சைட்டிஸ் 1973 மார்ச் 3-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-ல் சேர்ந்தது. 1994 நவம்பரில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் கூடிய மாநாட்டில் செம்மரம் இரண்டாம் பட்டியலில் ஏறியது; 1995 பிப்ரவரியில் அது அமலானது. இரண்டாம் பட்டியல் வணிகத்தை அடியோடு தடுப்பதில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றுமதி கூடாது என்கிறது. அந்தச் சீட்டைக் கொடுக்குமுன் இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும். இந்த ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடு இல்லை என்று நாட்டின் அறிவியல் அமைப்பு சொல்ல வேண்டும். தாவரங்களைப் பொறுத்தவரை இந்தியாவில் அந்தப் பொறுப்பு கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துடையது. கட்டை சட்டத்தை மீறி வெட்டப்பட்டதல்ல என்று நிர்வாக அமைப்பு சொல்ல வேண்டும்.

உறுதி சொன்னால் போதுமா, அது உண்மைதானா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் வணிக மறுஆய்வு. ஒரு நாட்டில் ஓர் இனத்தின் வணிகம் கவலை தருவதாகத் தோன்றினால் செயலகம் கடிதம் அனுப்பும். எந்த அடிப்படையில் கேடில்லை என்கிறீர்கள், காட்டு மரத்தையும் தோட்ட மரத்தையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள் என்று கேட்கும். பதிலுக்குக் கெடு உண்டு. வல்லுநர் குழு பதிலைப் பரிசீலித்துப் பரிந்துரைகள் தரும். அவற்றையும் நிறைவேற்றாவிட்டால், அந்த நாட்டிலிருந்து அந்த இனத்தை வாங்குவதை நிறுத்துங்கள் என்று நிலைக்குழு மற்ற நாடுகளுக்குச் சொல்லும். பெயர் பரிந்துரைதான். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரிக்கு அது தடை உத்தரவு.

செம்மரக் கோப்பு இந்த வழியில் 19 ஆண்டுகள் நடந்தது. இந்தியா தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டது: வளர்த்த மரத்திலிருந்து ஆண்டுக்கு 310 டன், கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட கட்டையிலிருந்து ஒரே தடவையாக 11,806 டன். தில்லியின் வெளிநாட்டு வணிகக் கொள்கை செம்மர ஏற்றுமதியைப் பொதுவாகத் தடைசெய்துவிட்டு, தனி அனுமதிக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்தது. திருப்பதிக் கிடங்குகளில் மலைபோல் குவிந்த பறிமுதல் கட்டையை ஆந்திர அரசு மின் ஏலத்தில் விற்றது அந்த வாசல் வழியாகத்தான். 2022-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியல்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தையும் அட்டவணையையும் நாடாளுமன்றம் சேர்த்தது. 2023 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. ஜெனீவாவில் தொடங்கிய விதி இப்படி இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

இத்தகைய உலக விதிகளைச் சட்டம் என்று சொல்லலாமா என்று உலகின் சட்ட அறிஞர்கள் இருபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 2005-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் பெனடிக்ட் கிங்ஸ்பரி, நிகோ கிரிஷ், ரிச்சர்ட் ஸ்டுவர்ட் மூவரும் இவற்றுக்கு ‘உலக நிர்வாகச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். நாடுகளைத் தாண்டிய அமைப்புகள் இன்று ஓர் அரசு அலுவலகம் செய்யும் வேலையைத்தான் செய்கின்றன: உரிமம், தரக்கட்டுப்பாடு, பட்டியல், தடை. அப்படியானால் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும் நெறிகள் அவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும், பல இடங்களில் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன என்பது அவர்கள் வாதம்.

அந்த நெறிகள் நமக்குப் புதியவை அல்ல. தாசில்தார் ஒருவரின் பட்டாவை ரத்து செய்வதற்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிலைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது. இந்தக் கடைசி நெறியை நம் உச்ச நீதிமன்றம் அழுத்தமாக நிலைநாட்டிய வழக்கு ஒரு வனத்துறை வழக்கு என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1969-ன் கிரைபக் வழக்கு அது. இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த குழுவில், தானும் ஒரு போட்டியாளராக இருந்த பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் வந்தபோது எழுந்து போனாலும் போட்டியாளர்களின் பெயர் வந்தபோது இருந்தார். தேர்வுப் பட்டியலை நீதிமன்றம் ரத்து செய்தது. இது வெறும் நிர்வாக முடிவு, இதற்கு இயற்கை நீதி எதற்கு என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

நாடுகளைத் தாண்டிய மேடையிலும் இதே நெறியின் பலனை இந்தியா ஒருமுறை பெற்றிருக்கிறது. கடலாமைகள் தப்பும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமர்வு அமெரிக்காவைக் குறை சொன்னது. ஆமையைக் காப்பாற்றும் நோக்கத்தை அது தவறென்று சொல்லவில்லை. சான்று கேட்ட நாட்டின் தரப்பு முறையாகக் கேட்கப்படவில்லை, மறுப்புக்குக் காரணம் எழுதித் தரப்படவில்லை, மறுபரிசீலனைக்கு வழியில்லை என்றது. ஒரு தாலுகா அலுவலக உத்தரவை எதிர்த்து நம் வழக்கறிஞர் என்ன வாதாடுவாரோ அதே மூன்று வாதங்கள்.

ஆகவே இந்த விதிகளுக்குச் சட்டத்தின் எலும்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. செம்மரக் கோப்பில் இந்தியாவுக்கு நோட்டீஸ் கிடைத்தது, பேச இடம் கிடைத்தது, கெடு கிடைத்தது, கடைசியில் விடுதலையும் கிடைத்தது. இந்த நாகரிகம் எந்தப் படி வரைக்கும் இறங்கி வருகிறது என்பதுதான் கேள்வி.

அதற்குக் காட்டுக்குள் போக வேண்டும். சந்திரகிரியை அடுத்த சீனிவாச மங்காபுரத்திலிருந்து திருமலைக்கு ஏறும் படிப்பாதை ஸ்ரீவாரிமெட்டு. அந்தப் பாதையைச் சுற்றிய காட்டில் இரவில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலை, வேலூர், தருமபுரி, சேலம் பக்கத்து மலையாளிப் பழங்குடியினரும் அடிவாரக் கூலிக்காரர்களும். சந்தன மரம் இருந்த காலத்திலிருந்தே கோடரி பிடித்துப் பழகிய கைகள். ஊரில் வேலையில்லாத மாதத்தில் ஒரு மேஸ்திரி வந்து முன்பணம் கொடுப்பார். கட்டிட வேலை என்று சொல்லியும் கூட்டிப்போவதுண்டு. ‘கட்டை வெட்ட’ என்று தெரிந்தே போகிறவர்களும் உண்டு. கனத்த கட்டையைத் தோளில் சுமந்து இரவெல்லாம் காட்டில் நடப்பவருக்கு அது எந்த நாட்டுக்குப் போகிறது என்பது தெரியாது. துறைமுகத்தில் அதை வேறு சரக்குக்குள் மறைத்து ஏற்றுகிறவரின் பெயரும் தெரியாது.

இந்தக் காட்டில் செத்தவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை ஊழியர்கள் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். சம்பளத்துக்குக் காடு காக்கப் போன மனிதர்கள். அவர்களின் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அந்தக் கொலைக்காக ஏறக்குறைய 300 தமிழகத் தொழிலாளர்களைப் பிடித்து அடைத்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தபோது பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்கள். குற்றவாளி யாரென்பது அந்தத் தீர்ப்பிலும் தெரியவில்லை.

2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் சந்திரகிரி மண்டலக் காட்டில் இரண்டு இடங்களில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது பேரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். சுட்டது ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை. கல்லும் கோடரியுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. இறந்தவர்களில் சிலர் முந்தைய நாள் தங்களோடு பேருந்தில் வந்தவர்கள், அவர்களைப் பேருந்திலிருந்தே போலீசார் பிடித்துப் போனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். இறந்த ஒருவரின் மனைவி கொடுத்த புகாரின்மேல் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்கு பதிவானது. உடல்கள் சிலவற்றுக்கு நீதிமன்ற உத்தரவால் மறுபிரேதப் பரிசோதனை நடந்தது. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் மத்தியப் புலனாய்வு விசாரணையும் வேண்டும் என்றது ஆணையம். மாநில அரசு அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. விசாரணைக்கு மாநில அரசு தன் காவல்துறை அதிகாரிகளைக் கொண்டே சிறப்புக் குழு அமைத்தது. கிரைபக் வழக்கின் நெறியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

என்கவுன்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16 நெறிகளை வகுத்து அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2014 செப்டம்பர் 23-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. சுட்ட படையைச் சேராத குழு விசாரிக்க வேண்டும், முதல் தகவல் அறிக்கை கட்டாயம், உறவினருக்கு உடனே தகவல் தர வேண்டும் என்பவை அவற்றில் சில. காகிதத்தில் எல்லாம் இருந்தது. சந்திரகிரியில் அதை அசைக்க, மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் காவல் நிலையப் படியேற வேண்டியிருந்தது.

இந்த இருபது பேரை ஜெனீவா சுடவில்லை. அந்தப் பழியை அங்கே கொண்டுபோய் வைப்பது உண்மைக்குச் செய்யும் துரோகம். சுட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள், சுடச் சொன்னவர்கள் இருந்தால் அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், கூலி கொடுத்து அனுப்பிய கடத்தல் முதலாளிகளும் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் உலக விதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கிடைப்பது குறைந்து வாங்குகிறவரின் ஆசை குறையாதபோது கட்டையின் விலை ஏறும். விலை ஏறினால் மேஸ்திரியின் முன்பணம் கூடும். காவலைக் கடுமையாக்கியிருக்கிறோம் என்று காட்டவேண்டிய தேவை அரசுக்கு வரும். அந்தக் கடுமை யார்மேல் விழுந்தது என்று விதி எழுதியவர்கள் கேட்கவில்லை.

நமது நாட்டின் பன்னாட்டுச் சட்ட அறிஞர் பி. எஸ். சிம்னி 2005-லேயே இதை எச்சரித்திருந்தார். உலக நிர்வாகச் சட்டத்துக்கு இரண்டு முகம் உண்டு என்பது அவர் வாதம்: எளியவர்கள் எதிர்த்து நிற்க அது ஒரு பிடி கொடுக்கலாம், அநியாயமான ஏற்பாட்டுக்கு ஒழுங்கான தோற்றம் கொடுத்து எதிர்ப்பை உள்வாங்கியும் விடலாம். வியன்னாவின் அலெக்சாண்டர் சோமெக் வேறு பக்கத்திலிருந்து, கிங்ஸ்பரி சட்டம் என்ற பெயரை இந்த விதிகளுக்கு வழங்கும் விதத்தையே 2009-ல் கேள்வி கேட்டார். சேஷாசலத்தைப் பார்த்த பிறகு இவர்களின் சந்தேகத்தை எளிதில் தள்ள முடியாது. அரசுகளுக்கு இடையில் எல்லா மரியாதையும் நடக்கிறது. அரசின் எல்லையை எட்டியதும் அந்த மரியாதை நின்றுவிடுகிறது. மரத்துக்காகப் பேச அறிவியல் அமைப்பு இருக்கிறது, ஏற்றுமதிக்காகப் பேச அமைச்சகம் இருக்கிறது. மரத்தின் பேரால் சுடப்பட்டவருக்காகப் பேச அந்த நடைமுறையில் ஒரு நாற்காலியும் இல்லை.

சைட்டிஸ் இதைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் பாங்காக் மாநாட்டில், ஏழை மக்களின் வாழ்வாதாரத்தைக் கருத வேண்டும் என்று 16.6 என்ற எண்ணில் தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம். ஆனால் அது கேட்டுக்கொள்கிறது, கட்டளையிடவில்லை. ஒரு நாடு அதை மதிக்காவிட்டால் வணிகம் நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த விதிகளைச் சட்டம் என்றே அழைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இது வெறும் ஏற்பாடு, நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒத்துழைப்பு என்று ஒதுக்கிவிட்டால் அதைக் கேள்வி கேட்கும் உரிமையையும் நாமே விட்டுக்கொடுத்ததாகும். சட்டம் என்று ஒப்புக்கொண்டால் சட்டத்துக்குரிய கடமைகள் அதன் தலையில் ஏறும். யாரைப் பாதிக்கிறதோ அவரைக் கேள், காரணம் சொல், மேலே முறையிட வழி விடு. தாசில்தாரிடம் கேட்பதை நிலைக்குழுவிடம் கேட்கக் கூடாது என்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2023 முடிவின் பலன் விவசாயிக்குப் போவது சரிதான். ஆந்திராவிலும் திருவள்ளூர், வேலூர் பக்கத்திலும் பட்டா நிலத்தில் செம்மரம் நட்டுப் பல ஆண்டு காத்திருப்பவர்கள் நேர் வழியில் விற்க முடிந்தால் காட்டு மரத்தின் மேலிருக்கும் நெருக்கடி தளரும். சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் விற்பனையிலிருந்து ஒரு பங்கை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்க முனைகிறது. 2002-ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் வழியாக வந்த உரிமை அது. கட்டையைச் சுமந்து போய்ச் செத்தவரின் வீட்டுக்கு அந்தப் பங்கு வராது.

அதனால் இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஏற்றுமதியால் கேடில்லை என்று இந்தியா தயாரிக்கும் அறிக்கையில் மரங்களின் எண்ணிக்கை, வளர்ச்சி, வெட்டு, பறிமுதல் எல்லாம் வருகின்றன. காடு எப்படிக் காக்கப்படுகிறது என்பதும் வருகிறது. அந்தப் பகுதியில் காவலின்போது இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வனத்துறையினர் எத்தனை, கூலிக்காரர்கள் எத்தனை, எத்தனை வழக்கு விசாரணைக்கு வந்தது, எத்தனை பேர் தீர்ப்பில்லாமல் சிறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் சேர வேண்டும். கேடில்லை என்ற சொல்லில் மனிதரும் அடங்க வேண்டும் என்று நிலைக்குழு ஒரு கேள்வித்தாளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேஷாசலத்தின் விடை தில்லி வழியாக ஜெனீவாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த வரியைக் கேட்க வேண்டியவர்கள் தமிழக அரசும் ஆந்திர அரசும். இரண்டில் எதுவானாலும் முதலில் கேட்கட்டும்.

(தொடரும்)